இரத்மலானையில் இறங்கிய உலோகம்

விமான நிலையத்தின் வரலாற்றை எழுதுவோர் வழக்கமாகப் பிடித்துக்கொள்ளும் நூல் ஒன்றுண்டு. யார் அடிக்கல் நாட்டினார், எந்த அமைச்சர் நாடா வெட்டினார், எந்த ஆண்டில் ஓடுபாதை நீண்டது என்று அது ஓடும். இரத்மலானையைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டபோது அந்த வரிசையைத்தான் எதிர்பார்த்திருப்பார்கள். அது வேறு மலர்களில் ஏராளமாகக் கிடைக்கிறது. இங்கே நான் எழுத முற்படுவது அந்தத் தளத்தில் இறங்கிய உலோகத்தின் வரலாறு.

கொழும்பில் எவரும் விமான அலுமினியம் கண்டுபிடித்துவிடவில்லை. பெர்லினுக்கு அருகிலும் பிற்ஸ்பேர்க் பக்கத்திலும் ஒசாக்காவிலும் கண்டுபிடித்தார்கள். ஆனால் ஆய்வுகூடத்தில் ஒரு கலப்புலோகம் பிறந்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணுவது தவறு. உப்புக்காற்றும் மாரியும் ஆயிரக்கணக்கான ஏற்ற இறக்கங்களும் அதைச் சோதித்து முடித்த பின்னரே அது என்ன உலோகம் என்பது தெரியவரும். அந்தச் சோதனை நடந்த இடங்களில் ஒன்று, காலி வீதியைக் கடந்தால் கடல் என்றிருக்கும் நம் இரத்மலானை.

1934இல் அரசாங்க சபை கொழும்புக்கு எட்டிய தூரத்தில் ஒரு விமானத் தளம் வேண்டுமென்று தீர்மானித்து, இரத்மலானையைத் தேர்ந்தெடுத்தது. 1935 நவம்பர் 27ஆந் திகதி முதல் விமானம் இறங்கியது. சென்னைப் பறப்புக் கழகத்தின் தலைமைப் பயிற்றுநர் டின்டேல் பிஸ்கோ ஓட்டிவந்த டி ஹவிலண்ட் புஸ் மொத் அது. அதன் உடற்கூடு உருக்குக் குழாய், இறக்கைகள் மரம், மேலே இழுத்துப் போர்த்தி மெழுகிய துணி. அலுமினியம் என்று சொல்ல அதில் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு நல்ல தச்சனும் ஒரு நல்ல தையற்காரனும் ஒரு பற்றுவைப்பவனும் இருந்தால் பழுதுபார்த்துவிடலாம்.

சரியாக இருபது நாள் கழித்து, டிசம்பர் 17ஆந் திகதி, கலிபோர்னியாவின் சன்டா மொனிக்காவில் டக்ளஸ் கம்பனியின் டிசி-3 முதன்முதலாகப் பறந்தது. முழுவதும் அலுமினியத் தகடு. பின்னாளில் டக்கோட்டா என்ற பெயரில் இரத்மலானையின் முகமாகவே ஆகிவிட்ட விமானம் அதுதான். நம் தளமும் அந்த விமானமும் மூன்று வார இடைவெளியில் பிறந்த ஒட்டுச் சகோதரர்கள். தளத்தின் முதல் பன்னிரண்டு ஆண்டுகளை, துணியிலிருந்து தகட்டுக்கு நடந்து போன காலம் என்று சொல்லிவிடலாம்.

அந்தத் தகடு எப்படி வந்தது என்பதற்கு முப்பது ஆண்டு பின்னே போகவேண்டும்.

தனி அலுமினியம் இலேசானது, உருக்கின் எடையில் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் மென்மை. ஒரு சதுர மில்லிமீற்றர் குறுக்குவெட்டுள்ள அலுமினியக் கம்பியில் ஒன்பது கிலோவுக்குமேல் தொங்கவிட்டால் அறுந்துவிடும். இந்த உலோகத்தில் விமானம் கட்டலாம் என்று 1900இல் யாரேனும் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். பெர்லினுக்கு அருகே நொய்பாபெல்ஸ்பேர்க்கில் இருந்த ஆய்வு நிலையத்தில் அல்பிரட் வில்ம் என்ற உலோகவியலாளர் தேடிக்கொண்டிருந்ததும் விமானத்துக்கான உலோகமல்ல. பித்தளையில் செய்த தோட்டா உறைகளுக்குப் பதிலாக அலுமினியத்தில் செய்ய முடியுமா என்று இராணுவம் கேட்டிருந்தது. உருக்கைக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் கடினமாகும் என்பது எந்தக் கொல்லனுக்கும் தெரியும். அதே வைத்தியத்தைச் செம்பு கலந்த அலுமினியத்துக்கும் செய்து பார்த்தார் வில்ம்.

1906இல் ஒரு சனிக்கிழமை. ஏறத்தாழ 4 வீதம் செம்பும் அரை வீதம் மகனீசியமும் கலந்த ஒரு தகட்டை ஐந்நூறு பாகைக்கு அண்மையாகச் சூடேற்றித் தண்ணீரில் அமிழ்த்தினார்கள். உதவியாளர் யப்லொன்ஸ்கி கடினத்தை அளந்தார், விசேடமாக ஒன்றுமில்லை. வேலை நேரம் முடிந்தது. திங்கட்கிழமை வந்து மீதியை அளந்தபோது கருவி பழுது என்று சந்தேகப்படும் அளவுக்குக் கடினம் ஏறியிருந்தது. யாரும் தொடாமல், சூடேற்றாமல், அடிக்காமல், மேசையில் சும்மா கிடந்த தகடு தன்பாட்டில் இறுகியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை இல்லாதிருந்தால் இந்தக் கண்டுபிடிப்பு இன்னும் எத்தனை காலம் தள்ளிப் போயிருக்குமோ.

வில்ம் காப்புரிமை எடுத்தார். டியூரன் நகரத்து உலோக ஆலை உற்பத்தி உரிமையை வாங்கியது. டியூரலுமின் என்று பெயர் வந்தது. அந்தக் கம்பி இப்போது நாற்பது கிலோ தாங்கியது. முதலாம் உலகப் போரில் செப்பலின் வான்கப்பல்களின் எலும்புக்கூடு இதில் ஆனது. 1919இல் யூங்கர்ஸ் எப்13 என்ற முழு உலோகப் பயணிகள் விமானம் பறந்தது. வில்ம் மட்டும் உலோகத்தைக் கைவிட்டு மலையடிவாரத்தில் விவசாயம் செய்யப் போய்விட்டார்.

ஏன் இறுகுகிறது என்பது அவருக்கும் தெரியாது. 1919இல் அமெரிக்க நியமங்கள் பணியகத்தைச் சேர்ந்த மெரிக்காவும் தோழர்களும் ஒரு விளக்கம் சொன்னார்கள். சூட்டில் அலுமினியத்துக்குள் செம்பு முழுவதும் கரைந்துவிடுகிறது. சடுதியாகக் குளிரவைத்தால் வெளியேற நேரமில்லாமல் உள்ளேயே மாட்டிக்கொள்கிறது. பிறகு, சூடான பாணியில் அளவுக்கு மிஞ்சிக் கரைந்த சீனி ஆறியபின் மெல்லப் பூத்து வருவதுபோல, செம்பணுக்கள் கூடிக்கூடி நுண்ணிய படைகளாகச் சேர்கின்றன. உலோகம் வளையும்போது அணு அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்க வேண்டும். அந்த வழுக்கலை இந்தப் படைகள் மறித்துவிடுகின்றன. பிரான்சில் கினியேயும் இங்கிலாந்தில் பிரெஸ்டனும் தனித்தனியே எக்ஸ் கதிரால் அந்தப் படைகளைக் காட்டியது 1938இல். கண்டுபிடித்து முப்பத்திரண்டு ஆண்டு, ஆயிரக்கணக்கான விமானங்கள் பறந்தபின், காரணம் கண்ணுக்குத் தெரிந்தது. இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. ரைட் சகோதரர்கள் 1903இல் பறந்த இயந்திரத்தின் வார்ப்புறை, செம்பு கலந்த அலுமினியம். 1994இல் அதை ஆராய்ந்தவர்கள் அதற்குள்ளும் அதே படைகளைக் கண்டார்கள். வார்ப்புச் சூட்டில் தற்செயலாக நடந்தது. வில்முக்கு மூன்று ஆண்டு முந்தி, எவருக்கும் தெரியாமல்.

ஆனால் செம்பு வந்தால் கூடவே ஒரு நோயும் வரும். தனி அலுமினியம் காற்றில் பட்டதும் மெல்லிய ஒட்சைட்டுப் படலம் போர்த்திக்கொண்டு தன்னைக் காத்துக்கொள்ளும். செம்பு கலந்த தகட்டிலோ, உப்பு ஈரம் பட்டால், உலோகத்தின் நுண்பளிங்கு மணிகளின் எல்லை வழியே அரிப்பு உள்ளே நுழையும். வெளியே வெள்ளைத் தூள் கொஞ்சம், அவ்வளவுதான். உள்ளே தகடு உளுத்துப் போயிருக்கும். 1920களில் அமெரிக்கக் கடற்படையும் நியமங்கள் பணியகமும் இதைக் கண்டு கலங்கின. அல்கோவா கம்பனியின் எட்கார் டிக்ஸ் 1927இல் ஒரு மருந்து கண்டார்: பலமான தகட்டின் இரு முகத்திலும் தூய அலுமினியத்தை உருட்டி ஒட்டிவிடுவது. ஒவ்வொரு பக்கமும் தகட்டின் தடிப்பில் ஏறத்தாழ 5 வீதம். மேற்படை வெறுமனே மூடியாக நிற்பதில்லை. கீறல் விழுந்து உள் உலோகம் தெரிந்தாலும், மின்வேதியியல் முறைப்படி மேற்படைதான் முதலில் கரையும், உள்ளது தப்பும். அல்கிளாட் என்று பெயர். என் கணிப்பில், வில்மின் திங்கட்கிழமையைவிட நம்மைப் போன்ற கடற்கரைத் தளங்களுக்கு அதிகம் உதவியது இந்த 5 வீதம்தான். 1930களின் தொடக்கத்தில் அல்கோவா மகனீசியத்தைக் கூட்டி 24எஸ் என்ற கலப்புலோகத்தைக் கொண்டுவந்தது. அல்கிளாட் போர்த்திய 24எஸ் தகடுதான் டிசி-3 ஆனது. இன்றும் 2024 என்ற எண்ணில் அதே உலோகம் வழக்கில் இருக்கிறது.

டிசி-3 இங்கே வருமுன் வேறோர் உலோகம் வந்து போனது, அழைக்காமல்.

1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு. துறைமுகத்தை ஒட்டிய கொட்டாஞ்சேனையில் காலைப் பூசை நேரம். ஜப்பானிய விமானந்தாங்கிகளிலிருந்து கிளம்பிய நூற்றுக்கு மேற்பட்ட விமானங்கள் கொழும்புக்கு மேல் வந்தன. துறைமுகத்தில் ரெனெடோஸ் என்ற நாசகாரிக் கப்பலும் ஹெக்டர் என்ற ஆயுதந்தாங்கிய வணிகக் கப்பலும் மூழ்கின. இரத்மலானையிலும் கொழும்புக் குதிரைப் பந்தயத்திடலிலும் நின்ற ஹரிக்கேன் போர்விமானங்கள், எதிரி தலைக்குமேல் வந்தபின்தான் எழும்பின. இழப்பு அதிகம். ஜப்பானியர் தரப்பில் திரும்பாத சீரோ போர்விமானம் ஒன்றே ஒன்று. அந்த வாரத்தில் கொட்டாஞ்சேனையிலிருந்தும் வெள்ளவத்தையிலிருந்தும் யாழ்ப்பாணத்துக்கும் இந்தியாவுக்கும் கிளம்பிய குடும்பங்களின் கதைகள் இன்னும் வீடுகளில் சொல்லப்படுகின்றன. சண்டை வரலாற்றை விட்டுவிட்டு அந்த இரு விமானங்களையும் உலோகமாகப் பார்த்தால் இன்னொரு கதை தெரியும்.

ஹரிக்கேனின் பின்னுடல் உருக்குக் குழாயும் துணியும். அந்த வகையில் அது புஸ் மொத்தின் பங்காளி. குண்டு துளைத்தால் துணியை ஒட்டி மறுநாள் பறக்கவிடலாம் என்பது அதன் பலம். சீரோவின் இறக்கைத் தண்டோ அன்று உலகிலேயே பலமான அலுமினியம். சுமிதோமோ கம்பனியின் இகராஷி இசாமு 1936இல் உருவாக்கியது. கடற்படை கேட்ட அளவு, சதுர மில்லிமீற்றருக்கு அறுபது கிலோ. அதாவது நூல் போன்ற அந்தக் கம்பியில் ஒரு ஆள் தொங்கலாம். செம்போடு 8 வீதமளவு நாகமும் (துத்தநாகம்) மகனீசியமும் சேர்த்தால் இந்தப் பலம் வரும் என்பது ஐரோப்பியர்களுக்கு முன்பே தெரிந்ததுதான். ஆனால் நாகம் கூடிய அலுமினியம், பாரம் ஏற்றிவைத்தால் சில மாதத்தில் தன்பாட்டில் வெடித்துப் பிளந்துவிடும். அதனால் யாரும் தொடவில்லை.

இந்த நோய் நம் பிராந்தியத்தில் முன்பே பார்த்ததுதான். பிரித்தானிய இந்தியாவில் மாரி காலத்தில் படைக் கொட்டடிகளில் வைத்த பித்தளைத் தோட்டா உறைகள் தாமாக வெடித்தன. குதிரை லாயங்களிலிருந்து வந்த அமோனியாவும் ஈரமும், உறையை இழுத்து உருவாக்கும்போது உலோகத்துக்குள் தங்கிவிட்ட இழுவையும் சேர்ந்து செய்த வேலை என்று 1921இல் விளக்கினார்கள். அலுமினியத்தில் அதே வகைப் பிளவை இகராஷி அடக்கியது கால் வீதம் குரோமியத்தாலும் கொஞ்சம் மங்கனீசாலும். ஒரு பருக்கை உப்பளவு என்று சமையற்காரர் சொல்வார்களே, அவ்வளவுதான். விமான வடிவமைப்பாளர் ஹோரிகோஷி ஜிரோ அந்த உலோகத்தைக் கேள்விப்பட்டதும் சீரோவின் பிரதான தண்டுக்கு எடுத்துக்கொண்டார். குறைந்த எடை, நீண்ட பறப்புத் தூரம், ஓட்டுநருக்குக் கவசத் தகடு இல்லை. கொழும்பு வானத்தில் அந்தக் காலை தெரிந்த இலாவகத்துக்கு ஓட்டியின் திறமை பாதி, அந்தக் கால் வீதம் குரோமியம் பாதி.

1943இல் அல்கோவா 75எஸ் என்ற ஏறத்தாழ அதே குடும்பத்துக் கலப்புலோகத்தை வெளியிட்டது. அலாஸ்காத் தீவொன்றில் அகப்பட்ட சீரோவைப் பிரித்துப் பார்த்துச் செய்தது என்று ஒரு கதை உண்டு. அல்கோவா இந்தத் துறையில் பல காலம் உழைத்துக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் நியாயம். இன்று 7075 என்ற எண் விமானத்தில் மட்டுமல்ல, மலையேறுவோரின் கொக்கியிலும் சைக்கிள் சில்லுகளிலும் இருக்கிறது.

போர் முடிந்தது. உலகமெங்கும் டக்கோட்டாக்கள் மலிவாகக் கிடந்தன. பத்தாயிரத்துக்கு மேல் கட்டித் தள்ளியிருந்தார்கள். இலங்கையின் எயார் சிலோன் நிறுவனம் அவற்றில் மூன்றைக் கொண்டு தொழில் தொடங்கியது. சீதாதேவி, விகாரமகாதேவி, சுனேத்ராதேவி என்று பெயர். 1947 டிசம்பர் 10ஆந் திகதி முதற் பறப்பு: இரத்மலானை, காங்கேசன்துறை (பலாலியைத்தான் அன்று அப்படிச் சொன்னார்கள்), சென்னை. சுதந்திரத்துக்கு இரண்டு மாதம் முன்பே யாழ்ப்பாணத்தானுக்குக் கொழும்புக்கு வானவழி திறந்துவிட்டது. யாழ்தேவி ரயில் அப்போது இன்னும் ஓடத் தொடங்கவில்லை.

ஒரு டக்கோட்டாவில் ஐந்து இலட்சம் றிவெற்றுகள் என்பார்கள். அதைப் பராமரிக்கும் வேலைத்தலத்தில் கேட்கும் சத்தம் என்ன என்பதை இந்த ஓர் எண்ணிலிருந்தே ஊகிக்கலாம். ஒருவர் வெளியே காற்றுத் துப்பாக்கியுடன், இன்னொருவர் உள்ளே உருக்குக் கட்டியுடன். வெளியாள் தலையில் அடிக்க, உள்ளாள் கட்டியை வாலில் அழுத்திப் பிடிக்க, வால் நசுங்கி மறுதலை ஆகும். ஒருவரையொருவர் பார்க்க முடியாது. தட்டித்தான் பேச்சு: ஒரு தட்டு என்றால் இன்னும் அடி, இரண்டு என்றால் சரி, மூன்று என்றால் கழற்றிவிட்டு மறுபடி. கட்டி சாய்ந்தால் தகடு பள்ளம் விழும். துளை பெருத்தால் ஒரு சைஸ் கூடிய றிவெற்று போடவேண்டும், அதற்கும் ஓர் எல்லை உண்டு.

இதில் வில்மின் திங்கட்கிழமை அப்படியே வந்து குந்திக்கொள்ளும். பலமான றிவெற்றுகளும் அதே செம்புக் கலப்பு. சூளையில் காய்ச்சித் தோய்த்த கையோடு மென்மையாக இருக்கும்போது அடித்தால்தான் நசுங்கும். நேரம் போனால் இறுகிவிடும், பிறகு அடித்தால் வெடிக்கும். ஆகையால் தோய்த்த உடனே ஐஸ்பெட்டியில் போடுவார்கள். உறைகுளிரில் இறுக்கம் தூங்கும். வெளியே எடுத்தால் இருபது நிமிடத்துக்குள் அடித்துவிடவேண்டும். வெப்பம் கூடக்கூட இறுக்கம் விரையும் என்பதால், குளிர்நாட்டுக் கைநூல் சொல்லும் நேரத்தை வெப்பநாட்டு ஹாங்கருக்குள் அப்படியே நம்பியிருக்க முடியாது. கைநிறைய அள்ளிக்கொண்டு போகாமல் தேவைக்கு எடுப்பதுதான் நல்ல தொழிலாளியின் அடையாளம். மிஞ்சியதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பிறகு பார்க்கலாம் என்பவனை மேற்பார்வையாளர் விரைவில் அறிந்துகொள்வார்.

அரிப்புத் தேடுவதும் அப்படி ஒரு கைப்பழக்கம். கழிவறையின் அடித்தளம், பற்றறிப் பெட்டி, உணவு தயாரிக்கும் மூலை, தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று மடியும் விளிம்பு, இந்த நான்கில்தான் முதலில் தொடங்கும். வர்ணம் சிறு கொப்புளமாக எழும்பியிருந்தால் நகத்தால் சுரண்டிப் பார்ப்பது. வெள்ளைத்தூள் வந்தால் சுத்தஞ் செய்து, மஞ்சள்பச்சையான நாகக் குரோமேற்றுப் பூச்சடித்து, ஆழம் அதிகமென்றால் தகட்டை வெட்டிப் பற்று வைப்பது. வெள்ளவத்தைக் கடற்கரை வீடுகளின் இரும்புக் கிராதிக்கு என்ன நடக்கிறதென்று தெரிந்தவர்களுக்கு, முப்பது ஆண்டு இந்தக் காற்றில் நின்ற தகடு விழாமல் பறந்தது எத்தனை கைகளின் வேலை என்பதை விளக்கத் தேவையில்லை.

அடுத்த பாடம் அரிப்பாலல்ல, அயர்வால் (திரும்பத் திரும்ப ஏறி இறங்கும் இழுவையில் உலோகம் களைத்து விரிசல் விடுவதால்) வந்தது. 1952 ஓகஸ்டில் பிஓஏசி நிறுவனம் இலண்டனிலிருந்து கொழும்புக்குக் கொமெற் சேவையைத் தொடங்கியது. உலகின் முதல் ஜெற் பயணிகள் விமானம் பறந்த முதற் சில வழித்தடங்களில் கொழும்பும் ஒன்று. நாற்பதாயிரம் அடியில் பறந்தாலும் உள்ளே எட்டாயிரம் அடி உயரத்துக் காற்றழுத்தம். அதற்காக ஒவ்வொரு பறப்பிலும் உடற்கூடு ஒருமுறை உப்பி ஒருமுறை சுருங்கும். எடையைக் குறைக்கத் தோல்தகடு சில இடங்களில் 0.7 மில்லிமீற்றர்தான். றிவெற்றோடு ரெடக்ஸ் என்ற பசையாலும் ஒட்டினார்கள். நோர்மன் டி புரூய்ன் கண்ட அந்தப் பசை இன்றைய விமான ஒட்டுமுறைகளுக்கெல்லாம் தாய்.

1954 ஜனவரியில் எல்பாத் தீவுக்கு அருகேயும் ஏப்ரலில் நேப்பிள்சுக்குத் தெற்கேயும் இரண்டு கொமெற்றுகள் வானத்தில் உடைந்து கடலில் விழுந்தன. பார்ன்பரோவில் ஒரு கொமெற்றை முழுதாகத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, உள்ளே தண்ணீரை ஏற்றி இறக்கிப் பறப்புகளை நடித்துக் காட்டினார்கள். முன்பு உண்மையாகப் பறந்த 1,221 பறப்புகளோடு தொட்டியில் 1,836 சேர, மொத்தம் 3,057இல் உடற்கூடு கிழிந்தது. சாளரத்தின் மூலையில், ஒரு துளையின் விளிம்பில் தொடக்கம். டி ஹவிலண்ட் கம்பனி முன்பு தானே செய்த சோதனையில் பதினாறாயிரம் தாங்கியதே, அது எப்படி? அந்தச் சோதனைத் துண்டை முதலில் இரு மடங்கு அழுத்தத்துக்கு உட்படுத்தி, அதன் பிறகுதான் அயர்வுச் சோதனைக்கு வைத்தார்கள். அந்த ஒரு பேரழுத்தத்தில் மூலைகள் சற்றே நெகிழ்ந்து, பின்னர் வந்த இழுவையைத் தாங்கும்படி இறுகிவிட்டன. சோதனையே துண்டைப் பலப்படுத்திவிட்டது. சோதனைச்சாலைக்காரர்கள் எல்லோரும் சுவரில் எழுதி வைக்கவேண்டிய சம்பவம் என்று எனக்குத் தோன்றும்.

விரிசல் கண்டால் அதன் நுனியில் சிறு துளை போட்டு நிறுத்துவது தகட்டு வேலையின் பழைய வழக்கம். கூரிய நுனி வட்டமானால் இழுவை பரவி விரிசல் நிற்கும். கொமெற்றின் தொழிற்சாலையிலும் அதைச் செய்திருந்தார்கள். அழுத்தக் கூட்டில் அது போதாது என்பது அப்போதுதான் தெரிந்தது. அதன்பின் உலகம் வேறு கேள்வி கேட்கத் தொடங்கியது. விரிசலே வராத உலோகம் எது என்பதை விட்டு, விரிசல் வந்தால் அடுத்த சோதனை வரை தாங்கும் அமைப்பு எது என்று. 1964இல் எயார் சிலோன் வாங்கிய அவ்ரோ 748, ஒரு உறுப்பு முறிந்தால் பக்கத்து உறுப்பு பாரத்தை ஏற்கும்படி கட்டிய அந்தப் புதுத் தலைமுறை. கான்பூரிலும் இந்தியர்கள் அதையே கட்டினார்கள். வட்டச் சாளரமும் தடித்த தோலும் கொண்ட கொமெற் 4 கூட 1962 முதல் எயார் சிலோன் பெயரில் பறந்தது. ஆனால் பெரிய ஜெற்றுகளுக்கு இரத்மலானை ஓடுபாதை போதாது. 1960களின் பிற்பகுதியில் பன்னாட்டுப் பறப்புகள் கட்டுநாயக்காவுக்குப் போய்விட்டன.

பிறகு நடந்ததை நீட்டவேண்டாம். 1978 செப்டெம்பரில் ஒரு அவ்ரோ இரத்மலானையிலேயே குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டது. அடுத்த ஆண்டு எயார் சிலோனின் இடத்தில் எயார் லங்கா. 1998 செப்டெம்பரில் பலாலியிலிருந்து இரத்மலானைக்குக் கிளம்பிய பயணிகள் விமானம் மன்னார்க் கடலோடு போனது. அதில் உறவினரை இழந்தவர்கள் இந்த மலரை வாசிப்போரிலும் இருப்பார்கள். எந்தக் கலப்புலோகத்தாலும் தடுத்திருக்க முடியாத இழப்பு அது.

இங்கேயே ஏதாவது செய்திருக்கலாமா என்று கேட்பவர்களுக்கு இரண்டு செய்தி. தன் கையாலேயே சிறு விமானங்கள் கட்டிப் பறந்த ரே விஜேவர்தன என்ற ஒருவர் நம்மிடையே இருந்தார். 1924இல் பிறந்து 2010இல் மறைந்த அந்தக் கேம்பிரிட்ஜ் பொறியியலாளரைப் பலர் விவசாய அறிஞராக மட்டுமே அறிவார்கள். விமானம் கட்டுவது கோடிக்கணக்கான முதலீட்டோடு மட்டும் வரும் வித்தை அல்ல என்பதற்கு இத்தீவில் அவர் ஒருவரே சாட்சி. மற்றது, புல்மோட்டைக் கரையின் கனிய மணல். இல்மனைற்றும் சேர்க்கோனும் அங்கே கறுப்பாகக் கிடக்கின்றன. ஒன்று தைத்தேனியத்தின் தாது, மற்றது சேர்க்கோனியத்தின் தாது. இகராஷியின் குரோமியத்துக்குப் பதிலாக 1970களில் வந்த 7050 போன்ற தடித்த தகட்டு உலோகங்களில் கலப்பது 0.1 வீதமளவு சேர்க்கோனியம்தான். மணலை மணலாகவே கப்பலேற்றிக்கொண்டிருக்கிறோம். அயலில் மேட்டூரில் 1965 தொடக்கம் ஏற்காட்டுப் பொக்சைற்றிலிருந்து அலுமினியம் எடுத்தார்கள், அந்த உலையும் 2008இல் அணைந்தது.

உலகம் இதற்கிடையே இலிதியத்துக்குப் போய்விட்டது. ஒரு வீதம் இலிதியம் சேர்த்தால் அடர்த்தி மூன்று வீதம் குறையும், விறைப்பு ஆறு வீதம் கூடும். சோவியத் ஒன்றியத்தில் பிரிட்லியாண்டர் தொடங்கிவைத்ததை அமெரிக்கர்கள் விண்ணோடத்தின் எரிபொருட் தாங்கிவரை கொண்டுபோனார்கள். 1998இல் அந்த மாற்றம் ஒன்றே 3 தொன்னுக்கு மேல் எடை மிச்சப்படுத்தியது. ஹைதராபாத்தின் பாதுகாப்பு உலோகவியல் ஆய்வுகூடமும் பல ஆண்டு இதில் உழைத்திருக்கிறது. றிவெற்றையே ஒழிக்கும் வழியொன்றை 1991இல் கேம்பிரிட்ஜுக்கு அருகே உள்ள ஒட்டுதல் ஆய்வு நிலையம் கண்டது: சுழலும் ஒரு முளையைத் தகடுகளின் பொருத்தில் அழுத்தி, உருகவிடாமல் பிசைந்தே ஒட்டுவது. உருக்கி ஒட்டினால் பலம் போய்விடும் என்று நாற்பது ஆண்டாகக் கைவிட்டிருந்த கலப்புலோகங்களும் அதற்கு இணங்கின. காபன் நார் வந்து அலுமினியத்தின் பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டது என்பதும் உண்மை. இருந்தாலும் சிறீலங்கன் விமானங்களின் ஏ320 உடற்கூடு இன்னும் அலுமினியம்தான். 2019 நவம்பரில் சென்னையிலிருந்து பலாலிக்கு மீண்டும் வந்த ஏரிஆர் 72 இரண்டுங்கெட்டான்: உடல் அலுமினியம், இறக்கையின் வெளிப்பகுதி காபன் நார்.

மலர்க்குழுவிடம் ஒரு வேண்டுகோளோடு நிறுத்துகிறேன். இரத்மலானையில் தகட்டு வேலை செய்தவர்கள், பரிசோதகர்கள், களஞ்சியக்காரர்கள் பலர் வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழ்ந்தவர்கள். சிலர் இன்னும் இருக்கிறார்கள், பலர் பிள்ளைகளோடு வெளிநாடு போய்விட்டார்கள். அவர்கள் வீடுகளில் பழைய வேலைக் குறிப்பேடு ஏதாவது கிடக்கலாம். எந்த விமானம், எத்தனையாவது சட்டம், தகட்டின் எந்த விளிம்பு, எந்த மாதம் அரிப்புக் கண்டது, எவ்வளவு வெட்டி எடுத்தது என்று பென்சிலில் எழுதியிருக்கும். அல்கிளாட் தகடு வெப்பவலயக் கடற்கரையில் முப்பது ஆண்டில் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு அல்கோவாவிடங்கூட இல்லாத பதிவு அது. அதைப் பழைய கடதாசிக்காரனுக்குப் போடாமல், பிரதி எடுத்தாவது சேர்த்துவையுங்கள். ஆட்களின் பெயரையும் பக்கத்தில் எழுதுங்கள்.